ரேஞ்சுக்கென்று தனிப் பை வாங்கு, தம்பி

தம்பி, இதே யோசனையில் இருக்கிற மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் நீ கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். களியக்காவிளைப் பக்கம் ஊர், எச்-1பி விசாவில் டல்லாஸ் வந்து ஐந்து மாதம், ஆபீஸ்காரர்கள் சனிக்கிழமை துப்பாக்கி ரேஞ்சுக்குக் கூட்டிப் போகிறார்கள், என்சிசியில் பாயிண்ட் டூ டூ ரைஃபிள் சுட்ட பழக்கமும் திருவனந்தபுரத்து வட்டியூர்க்காவு ரேஞ்சைப் போய்ப் பார்த்த ஆசையும் இருக்கிறது. காலேஜ் காலத்து லேப்டாப் பையில் இயர் மஃப் என்கிற காதுக் கவசம், கண்ணாடி, தோட்டா டப்பா எல்லாம் போட்டுத் தூக்கியதில் தோள்பட்டை பிய்ந்துவிட்டது. 40 டாலருக்குள் உழைக்கிற பை எது, அல்லது அப்பாவிடம் சொல்லி மார்த்தாண்டத்தில் படுதா தைக்கிறவரிடம் கேன்வாஸில் தைத்துவிடலாமா, டிசம்பரில் ஊருக்குப் போகும்போது வாங்கிக்கொள்ளலாமா. இதுதானே கேள்வி?

பைக்கு முன்னால் விசா. எச்-1பி, எல்-1, எஃப்-1 மாதிரி தற்காலிக விசாவில் இருக்கிறவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே அமெரிக்க மத்திய அரசுச் சட்டத்தில் குற்றம். சொந்தமாக வாங்கினால்தான் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, ரேஞ்சில் வாடகைக்கு வாங்கிச் சுடுவதும், நண்பர் கொடுத்ததைக் கையில் பிடிப்பதும், ஒரு டப்பா தோட்டா வாங்கிப் பையில் வைப்பதும் இதில் அடங்கும். 2022-க்குப் பிறகு இதற்கு 15 வருடம் வரை சிறை, அதற்குப் பின் விசாவும் கிரீன் கார்டும் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கூட்டிப் போகிற அமெரிக்க நண்பர்களுக்கு இது தெரியாது, அவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமும் வந்ததில்லை. நமக்கு உதவுகிற விதிவிலக்கு ஒன்று உண்டு: அமெரிக்காவில் ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த வேட்டை உரிமம், காலாவதி ஆகாமல், கையில் இருக்க வேண்டும். டெக்சாஸில் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறை கொடுக்கிறது. 6 மாதம் தொடர்ந்து குடியிருந்தால் உள்ளூர்க்காரர் கட்டணம், இல்லையென்றால் வெளியூர்க்காரர் கட்டணம், அது பல மடங்கு. உனக்கு இன்னும் ஒரு மாதம்தானே, பொறுத்து வாங்கு, அதுவரை ரேஞ்சுக்குப் போகாதே. அந்த உரிமம் ஆகஸ்ட் 31-ல் முடிந்துவிடும் என்பதையும் போனில் குறித்து வை, செப்டம்பர் முதல் சனிக்கிழமை பழைய உரிமத்தோடு போய் நின்றால் அது இல்லாத மாதிரிதான். ஆபீஸ் விசா வேலையைப் பார்க்கிற வக்கீலிடம் ஒரு மெயில் போட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள். நான் கிரீன் கார்டு வந்த பிறகுதான் ரேஞ்சுப் பக்கமே போனேன்.

சரி, பைக்கு வருவோம். அந்த லேப்டாப் பையை இன்றோடு நிறுத்திவிடு. பட்டை பிய்ந்ததற்காகச் சொல்லவில்லை. ரேஞ்சுக்குப் போகிற பை வேறு எங்கேயும் போகக் கூடாது, ஆபீஸுக்கும் கூடாது, ஏர்போர்ட்டுக்கு நிச்சயமாகக் கூடாது. 2023-ல் மட்டும் அமெரிக்க விமான நிலையச் சோதனையில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன, பெரும்பாலானவற்றில் தோட்டா ஏற்றப்பட்டிருந்தது. கேட்டால் பலரும் சொல்வது ஒன்றுதான்: பையில் இருந்ததை மறந்துவிட்டேன்.

துப்பாக்கிக்கே இந்த மறதி என்றால் தோட்டாவைப் பற்றிக் கேட்க வேண்டாம். பாயிண்ட் டூ டூ தோட்டா ஒன்று இரண்டரை சென்டிமீட்டர் நீளம்தான், எடை மூன்றரை கிராம் கூட வராது. லைனிங்கில் ஒரு கிழிசல் இருந்தால் உள்ளே நழுவி அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழாது. சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வேறு எகிறிப் பறக்கும், பக்கத்தில் திறந்து வைத்த பை இருந்தால் அதில் போய் விழும், பக்கத்து லேன்காரர் சுட்டதும் உன் பைக்கு வரலாம். அதனால் நீண்ட நாள் உழைக்கிற பை எது என்று நீ கேட்கும்போது நான் முதலில் பார்ப்பது உள்துணியை. வெளித்துணி அவ்வளவு சீக்கிரம் போகாது, கடையில் எல்லாரும் தடவிப் பார்ப்பது அதைத்தான். போவது கைப்பிடி, ஜிப், உள்துணி, இந்த மூன்றும். கைப்பிடி போனால் பை கீழே விழும், ஜிப் போனால் எரிச்சல் வரும், உள்துணி போனால் வழக்கு வரும்.

ஆகவே உள்துணி வெளிர் நிறமாக இருக்கட்டும், சாம்பலோ மஞ்சளோ ஆரஞ்சோ. கறுப்பு உள்துணியில் ஈய நிறத் தோட்டா கண்ணில் படாது. உள்துணி பையோடு ஒட்டித் தைத்திருக்க வேண்டும், தொளதொளவென்று தனியாகத் தொங்கக் கூடாது. கையை விட்டு மூலைகளைத் தடவிப் பார், விரல் நுழைகிற இடைவெளி இருந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வா. பாக்கெட் அதிகம் இருப்பதை விளம்பரத்தில் பெருமையாகப் போடுவார்கள், எனக்கு அது குறை. எத்தனை பாக்கெட்டோ அத்தனை இடம் தேட வேண்டும். பெரிய அறை ஒன்று, பக்கவாட்டில் இரண்டு, மேலே ஒரு தட்டைப் பாக்கெட், அதோடு போதும்.

இப்போது எடை. 9 எம்எம் பிஸ்டல் தோட்டா 50 கொண்ட ஒரு டப்பா ஏறக்குறைய 600 கிராம். ஐந்து டப்பா எடுத்தால் அதுவே மூன்று கிலோ. நண்பர்கள் இரண்டு பிஸ்டலும் தோட்டா அடுக்குகிற மேகஜின்களும் உன் பையில் போட்டால், இயர் மஃப், கண்ணாடி, சுத்தம் செய்கிற சாமான் எல்லாம் சேர்ந்து ஏழெட்டு கிலோவுக்குக் குறையாது. இதைவிட முக்கியம், இந்த எடை பரவி இருக்காது, செங்கல் மாதிரி ஓரிடத்தில் உட்காரும். லேப்டாப் பையின் தோள்பட்டை மேல் விளிம்பில் இரண்டு வரித் தையலில்தான் நிற்கிறது, அது பிய்யத்தான் செய்யும். நல்ல பையில் கைப்பிடிப் பட்டை மேலே தைத்து நிற்காமல் பையின் அடியைச் சுற்றிப் போய் மறுபக்கம் கைப்பிடியாக வரும், எடை முழுவதும் பட்டையில் உட்காரும், துணி சும்மா சுவர் மாதிரி நிற்கும். பட்டை ஒன்றரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது. பட்டை துணியைச் சந்திக்கிற இடத்தில் சதுரம் போட்டுக் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி தைத்திருக்கிறதா, அல்லது திருப்பூர்க்காரர்கள் பார்டாக் என்று சொல்கிற நெருக்கத் தையல் இருக்கிறதா என்று பார். தோள்பட்டை மாட்டுகிற வளையமும் கொக்கியும் உலோகமாக இருக்கட்டும். கோடையில் டெக்சாஸ் கார் டிக்கியில் வெந்து வெந்து பிளாஸ்டிக் கொக்கி நொறுங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

துணியைப் பற்றி: விலை குறைந்த பைகள் பெரும்பாலும் 600 டீனியர் பாலியெஸ்டர், விலை கூடியவை 1000 டீனியர் நைலான். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடையோ அதுதான் டீனியர், எண் கூடினால் நூல் தடிமன் என்று வைத்துக்கொள். மாதம் இரண்டு தடவை போகிற உனக்கு 600 தாராளம், கைப்பிடியும் தையலும் சரியாக இருந்தால். உள்பக்கம் பூசியிருக்கிற பாலியூரித்தேன் பூச்சைக் கவனி. ஊரில் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை முடிந்து மச்சிலிருந்து பழைய ஏர்பேக்கை இறக்கினால் உள்ளே பிசுபிசுவென்று செதில் செதிலாக உரியுமே, அதே பூச்சுதான், ஈரம் அதற்கு ஆகாது. டல்லாஸில் அவ்வளவு பயமில்லை, ஹூஸ்டனில் இருக்கிறவர்கள் யோசிக்க வேண்டும். ஜிப் பல்லின் அளவு 8 அல்லது 10 நம்பர், இழுப்பான் உலோகம், பெயர் தெரிந்த கம்பெனி என்றால் பெரும்பாலும் ஒய்கேகே என்று இழுப்பானிலேயே அடித்திருக்கும்.

40 டாலருக்கு என் யோசனை, ரேஞ்ச் பை என்று எழுதி விற்பதை விட்டுவிட்டு ஹார்ட்வேர் கடைக்குப் போ. எலெக்ட்ரீஷியன்கள், பிளம்பர்கள் தூக்குகிற டூல் பை பார். ரெஞ்சும் சுத்தியலும் தாங்குவதற்காகத் தைத்தது, அடி தடித்த பிளாஸ்டிக்கோ ரப்பரோ, வாய் அகலமாகத் திறந்து நிற்கும், உள்ளே முழுவதும் ஒரே பார்வையில் தெரியும். விலையும் உன் கணக்குக்குள் வரும். இன்னொரு லாபம், அதைப் பார்த்தால் உள்ளே துப்பாக்கி இருக்கிறது என்று யாருக்கும் தோன்றாது. மிலிட்டரிப் பச்சை, பொட்டுப் பொட்டாக ஸ்டிக்கர், துப்பாக்கிக் கம்பெனி முத்திரை எல்லாம் வேண்டாம். கார் கண்ணாடியை உடைக்கிறவன் அதைத்தான் தேடுகிறான், பார்க்கிங்கில் பதற்றப்பட்டுப் போலீஸைக் கூப்பிடுகிறவரும் அதைத்தான் பார்க்கிறார், நம் நிறத்துக்கு அந்தச் சந்தேகம் இன்னும் சீக்கிரம் வரும். ஒன்று மட்டும் பார்த்துக்கொள், மேலே மூடி ஜிப் இருக்கிற மாதிரி எடு, திறந்த வாய்ப் பையில் காலிக் கூடு விழும் என்று சொன்னேன் அல்லவா. பிஸ்டலை நேராகப் பையில் போடாமல் அதன் பிளாஸ்டிக் பெட்டியிலோ பஞ்சு வைத்த உறையிலோ வைத்துப் போட வேண்டும், எந்தப் பக்கம் குழல் இருக்கிறது என்று வெளியிலிருந்தே தெரிய வேண்டும். ரேஞ்சில் மேஜையில் வைத்துத் திறக்கும்போது குழல் இலக்குப் பக்கம் மட்டுமே பார்க்க வேண்டும் என்பது எல்லா ரேஞ்சிலும் முதல் விதி.

மார்த்தாண்டத்தில் தைப்பது பற்றி. நான் இப்போது லீவில் குழித்துறையில்தான் இருக்கிறேன், நேற்று சந்தைப் பக்கம் போனபோது படுதாக் கடையில் கேட்டேன். லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற தடித்த ஊசி மெஷின் இருக்கிறது, பட்டையை அடி சுற்றித் தைத்துக் கொடுப்பேன் என்கிறார், கைவேலையில் சந்தேகமே இல்லை. ஆனால் பருத்திக் கேன்வாஸ் எண்ணெயையும் தூசியையும் குடித்துக்கொள்ளும், துடைத்தால் போகாது, ரேஞ்ச் சாமானுக்கு அது பெரிய குறை. அப்பாவைத் தைக்கச் சொல்வதென்றால் பாலியெஸ்டர் நூலில், மழைப் படுதாத் துணியில், உள்ளே லைனிங் இல்லாமல், சாதாரண டூல் பை மாதிரி தைக்கச் சொல். ஜிப்பை நீ அங்கிருந்து அனுப்பு. யாராவது வருகிறவரிடம் புதுப் பையாக, ஒன்றுக்கும் பயன்படுத்தாததாக, கொடுத்துவிடட்டும். டல்லாஸ் வந்து சேர்ந்த பிறகு அது திரும்ப ஊரைப் பார்க்கக் கூடாது.

குடித்துக்கொள்ளும் தூசி என்று சொன்னது ஈயத்தை. பெரும்பாலான தோட்டாக்களில், அடியில் இருந்து மருந்தைப் பற்ற வைக்கிற பிரைமரில் ஈயச் சேர்மம் உண்டு, குண்டும் ஈயம், மூடிய ரேஞ்சில் ஒவ்வொரு தடவை சுடும்போதும் நுண்ணிய தூசி எழும்பி கை, சட்டை, பை எல்லாவற்றிலும் படியும். குழந்தைகளின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி 2021-ல் வரம்பைக் குறைத்தது. உன் அறையில் குழந்தை இல்லை, ஆனால் நண்பர்கள் வீட்டுக்குப் பையோடு போவாய், அங்கே தவழ்கிற பிள்ளை இருக்கும். ஆகவே பையைக் கட்டிலிலும் சமையல் மேடையிலும் வைக்காதே, கராஜ் அல்லது வாசல் பக்கம் ஒரு மூடிய பெட்டியில் வை. அதற்குள் டிபன் பாக்ஸ், பிஸ்கெட், சிப்ஸ் எதுவும் போகக் கூடாது, தண்ணீர் பாட்டில் கூட வெளியே தனியாக இருக்கட்டும். ரேஞ்சை விட்டு வெளியே வருமுன் சோப்பு போட்டுக் கையும் முகமும் கழுவு, அந்தச் சட்டையைத் தனியாகத் துவை. பையை ஈரத் துணியால் துடைக்க வேண்டும், உதறக் கூடாது. துடைக்க வருகிற துணியாகப் பார்த்து வாங்கச் சொல்வதன் காரணம் இதுதான்.

கடைசியாக டிசம்பர். நீ திருவனந்தபுரத்தில்தான் இறங்குவாய், திரும்பவும் அங்கேயே ஏறுவாய். ஒரே ஒரு தோட்டா பையில் ஸ்கேனரில் தெரிந்தாலும் 1959-ம் வருட ஆயுதச் சட்டத்தில் வழக்கு, விமானம் போய்விடும், வழக்கு முடிகிற வரை விசா ஸ்டாம்பிங்குக்கும் சிக்கல் வரலாம். தெரியாமல் கிடந்தது என்பது நியாயமான வாதம்தான், பொருள் இருப்பது தெரிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்று 1972-ல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் காட்டி உயர் நீதிமன்றங்களில் வழக்கை ரத்து செய்து வாங்கியவர்கள் உண்டு. ஆனால் அதற்கு வக்கீலும் பணமும் மாதங்களும் வேண்டும், உன் லீவோ மூன்று வாரம். நடுவில் துபாயிலோ தோஹாவிலோ விமானம் மாறினால் அங்கத்திய சட்டம் தனி. காலிக் கூடும் கேள்வியைக் கிளப்பும், அதை நினைவுப் பொருள் என்று தம்பிக்குக் கொண்டு வராதே.

இதுவரை ரேஞ்சுக்குப் போன அந்த லேப்டாப் பையைத் துவைத்துத் தைத்து ஊருக்கு எடுத்து வரலாம் என்று நினைத்திருப்பாய், பட்டை பிய்ந்ததை அப்பாவிடம் காட்டிச் சரிசெய்யலாம் என்று கூட எழுதியிருந்தாய். வேண்டாம். அதன் உள்துணி கிழிந்திருக்கிறதா என்று உனக்கே தெரியாது. பயணத்துக்கு ரேஞ்சைப் பார்க்காத வேறு பை வாங்கு, அன்று போட்டிருந்த ஜாக்கெட் பாக்கெட்டையும் ஒரு தடவை கவிழ்த்துப் பார். பழைய பையை அங்கேயே குப்பையில் போடு, யாருக்கும் கொடுக்காதே.

நான் அடுத்த மாதம் டல்லாஸ் திரும்புகிறேன். உரிமம் வந்ததும் சொல், ஹார்ட்வேர் கடைக்குச் சேர்ந்தே போகலாம், வாங்குமுன் தையலைப் பார்த்துச் சொல்கிறேன்.