மியூனிக் வேலைக்கு டாகாவில் வீடு பார்க்கலாமா?

சகோ, மியூனிக்கில் வேலை கிடைத்து, வாடகைக்குப் பயந்து டாகாவ் பக்கம் வீடு தேடுவதாகவும், வதைமுகாம் இருந்த ஊராச்சே என்று வீட்டில் தயங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள். எஸ்2 ரயிலில் அரை மணிக்குள் மியூனிக் மெயின் ஸ்டேஷன்.

நாஜிகள் 1933 மார்ச்சில் முகாமைத் திறப்பதற்கு ஆயிரம் வருடங்களுக்கு முன்பே இருந்த ஊர் இது. மேட்டின் மேல் பழைய நகரம், கீழே ஆம்பர் ஆறு. 1900 வாக்கில், சுற்றியுள்ள சதுப்பு நிலத்தின் வெளிச்சத்தை வரையவே ஓவியர்கள் இங்கே வந்து தங்கினார்கள். வானம் தெளிந்த நாளில் அரண்மனைத் தோட்டத்திலிருந்து ஆல்ப்ஸ் மலை வரிசையாகத் தெரியும். ஆகஸ்டில் ஊர்த் திருவிழா களைகட்டும்.

முகாமை ஒதுக்கிவிட்டும் வாழ வேண்டாம். உயிர் பிழைத்த கைதிகள் விடாமல் கேட்டதால்தான் 1965-ல் நினைவிடமே அமைந்தது. ஸ்டேஷனிலிருந்து 726 பஸ் போகிறது, நுழைவுக் கட்டணம் கிடையாது. குடிபோனதும் வீட்டாரோடு போய்ப் பாருங்கள். தயக்கத்துக்கு அதுதான் சரியான பதில் என்பது என் எண்ணம்.

அப்புறம், வாடகை பாதியாகிவிடும் என்று நம்ப வேண்டாம். கைக்குழந்தை இருந்தால் ஸ்டேஷன் பக்கமே பாருங்கள், பழைய நகரம் நல்ல ஏற்றம்.