வாசிக்க மட்டும் இருந்த இணையம் எப்போது நீங்களும் எழுதுகிற இடமாக மாறியது?

பேஸ்புக் 13 வயது தாண்டிய எவரும் சேரலாம் என்று கதவைத் திறந்தது 2006 செப்ரெம்பரில். எங்களைத் தெற்கோடு இணைத்த ஏ9 பாதை முகமாலையில் பூட்டியது அதற்கு முதல் மாதம். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் நாங்கள் சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். ஆகவே என் கதை 2010இல், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு நெட் கபேயில்தான் தொடங்குகிறது.

அதற்கு முன்னர் நெட் என்றால் செய்தி வாசிக்கிறது, அவ்வளவுதான். அதுவும் கணினியில் பாமினி எழுத்துரு இருந்தால்தான். இல்லாவிட்டால் 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட் பரவிய பிறகே இந்தத் தொல்லை ஒழிந்தது. லைக், கொமென்ட் எல்லாவற்றையும்விட எங்களை எழுத வைத்தது இதுதான் என்பேன்.

எங்கள் யாழ்ப்பாணத்துக்காரரான இ. மயூரநாதன் வளைகுடாவில் இருந்துகொண்டு 2003இலேயே தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதத் தொடங்கிவிட்டார். நான் அங்கே செய்தது ஒரேயொரு வேலை. நல்லூர் பற்றிய பக்கத்தில் ஒரு எழுத்துப்பிழை கண்ணில் பட்டது. 'தொகு' என்பதை அழுத்தித் திருத்திச் சேமித்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பக்கத்தை இரண்டு தரம் மூடித் திறந்து பார்த்தேன், என் 'ழ' அப்படியே இருந்தது. கபேக்காரர் நேரம் முடிந்தது என்று கத்தும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா பேஸ்புக்குக்கு வந்தது 2014இல், கனடாச் சித்தி அனுப்பிய போனோடு. அவர் பார்ப்பது எங்கள் ஊர்ப் பக்கம் ஒன்றை மட்டும். அதில் பாதிக்கு மேல் மரண அறிவித்தல். அப்போது லைக்கைத் தவிர அழுத்த வேறொன்றும் இல்லை. "செத்த வீட்டுக்கு ஆரடா லைக் போடுறது?" என்று ஏசுவார். அழுகிற முகம் 2016 பெப்ரவரியில் வந்தது. அதையும் அவர் தொடவில்லை. படலையில் நின்று கேட்கிற மாதிரி, "ஆற்றை மகன்? எந்த ஒழுங்கை?" என்று கொமென்ட் போடுவார்.

ஒருநாள் அப்படிக் கேட்டதற்கு நோர்வேயில் இருந்து ஒருவர், ரொறன்ரோவில் இருந்து இன்னொருவர், பிறகு பக்கத்து ஒழுங்கைக்காரர் என்று வரிசையாகப் பதில் போட்டார்கள். பேரன் பூட்டன் வரை தோண்டியதில், செத்தவர் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா முறை என்று வந்து நின்றது. அப்பாவுக்கு அந்த மனிசனைக் கண்ட நினைவே இல்லை.

சரி, முறை முறைதானே. செத்தவீட்டுத் துடக்கு என்று அந்த வருடம் அம்மாவும் அப்பாவும் நல்லூர்த் தேருக்குப் போகவில்லை.