அந்த எண் உங்களுடையது, தம்பி

கேள்வி: டெக்சாஸில் 19 வருடமாக இருக்கிறேன். வயது 47. ரேடியோ கன்ட்ரோல் மாடல் விமானம் பறக்கவிடும் ஒரு கிளப்பில் ஒன்பது வருடமாக உறுப்பினர், இரண்டு வருடமாகச் செயலாளர். என் மகனுக்கு 14 வயது. அவனுக்கு விமானத்தில் நாட்டமில்லை, ட்ரோன்தான். கண்ணை மூடிய கண்ணாடி மாட்டிக்கொண்டு, ட்ரோன் கேமராவின் படத்தை அதில் பார்த்தே ஓட்டும் ரேஸிங் ட்ரோன். மே மாதம் கிளப் மைதானத்தில் அவன் ட்ரோன் குறுக்கே போனதில், 78 வயது உறுப்பினர் ஒருவர் தரையிறக்கிக்கொண்டிருந்த விமானம் தடுமாறி விழுந்து இறக்கை ஒடிந்தது. அப்போது நான் கொட்டகையில் சந்தாக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அடுத்த கூட்டத்தில், மைதானத்தில் ட்ரோனே கூடாது என்று தீர்மானம் வந்தது. செயலாளர் என்ற முறையில் நானும் ஆதரவாகக் கை தூக்கினேன். அன்றிலிருந்து மகன் என்னோடு பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் அம்மாதான் வேறொரு திடலுக்குக் கூட்டிப் போகிறாள். (ட்ரோன் வாங்கியபோது அவனுக்கு 12 வயது என்பதால் என் பெயரில் பதிவு செய்தோம். இன்னும் என் எண்தான் ஒட்டியிருக்கிறது. அதையும் மாற்ற வேண்டும்.) விதி என்றால் விதி என்று அவனுக்கு எப்படிப் புரியவைப்பது? அல்லது நான் கிளப்பை விட்டே விலகிவிடலாமா?

பதில்:

தம்பி,

உங்களுக்கு அது மாடல் விமான கிளப். இதற்கு முன் வந்த கடிதங்களில் பஜனை மண்டலி, அச்சகம், கைத்தறிக் கூடம். ஹார்மோனியத்துக்குப் பக்கத்தில் ஒரு பையன் கீபோர்டைக் கொண்டுவந்து வைப்பான், பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், நடுவில் ஒரு அப்பா நெளிவார். அந்த அப்பாக்களுக்கெல்லாம் முன்பு "பையன் தானாக வந்து பேசுவான், பொறுமையாக இருங்கள்" என்று எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எழுதமாட்டேன்.

அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்களே ஒன்று, "இன்னும் என் எண்தான் ஒட்டியிருக்கிறது" என்று, எனக்கு அதுதான் கடிதம். மற்றதெல்லாம் அதற்கு முன்னுரை.

என் அக்கா பேரன் அங்கே இதே பைத்தியம் பிடித்து அலைகிறான். அவனை வாட்ஸ்அப்பில் பிடித்து ஒரு மணி நேரம் பாடம் கேட்டேன். 250 கிராமுக்கு மேல் எடையுள்ள எதைப் பறக்கவிட்டாலும் அமெரிக்க அரசின் விமானத் துறையான எஃப்.ஏ.ஏ.விடம் பதிவு செய்ய வேண்டுமாம். 13 வயது நிரம்பாத பிள்ளைக்கு, அந்த வயது நிரம்பிய வேறு யாராவது தன் பெயரில் பதிவு செய்ய வேண்டும். பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடுகிறவருக்கு ஒரே எண்தான். வீட்டில் பத்து விமானம் இருந்தாலும் பத்திலும் அதையே ஒட்ட வேண்டும், அதுவும் வெளியே தெரிகிற மாதிரி.

அப்படியென்றால், நீங்கள் மாதக்கணக்கில் பால்சா கட்டையைச் சீவி ஒட்டிச் செய்த விமானத்தின் மேல் இருக்கிற எண்ணும், உங்கள் மகனின் ட்ரோனில் இருக்கிற எண்ணும் ஒன்று. எஃப்.ஏ.ஏ.வுக்கு இரண்டும் ஆளில்லா விமானம்தான், இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். நீங்கள் ஒன்றுக்கு மைதானத்தில் இடம் வைத்துக்கொண்டு, இன்னொன்றை வெளியே அனுப்பக் கை தூக்கினீர்கள்.

நம் ஊரில் பிள்ளையின் பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியல் நிற்கும். பிள்ளை முதல் மதிப்பெண் வாங்கினாலும், பக்கத்து வீட்டு ஜன்னலை உடைத்தாலும் அந்த எழுத்து கூடவே போகும். ஜன்னல் உடைந்தால் அப்பா போய் நிற்பார். பையனை வீட்டுக்குள் வைத்து நாலு சாத்துச் சாத்துவார், அது வேறு விஷயம். ஆனால் வாசலில் ஊர் கூடியிருக்கும்போது "இவனைத் தெருவில் விடாதீர்கள்" என்று ஊரோடு சேர்ந்து கை தூக்கமாட்டார். உங்கள் இனிஷியலை ஒட்டிக்கொண்டுதான் தம்பி அந்த ட்ரோன் பறந்தது. அது யார் தலையிலாவது விழுந்திருந்தால் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டியிருப்பார்கள்.

"செயலாளர் என்ற முறையில்" என்கிறீர்கள். எந்தக் கிளப்பில் செயலாளர் கை தூக்கியே ஆக வேண்டும் என்று விதி இருக்கிறது? "என் பையன் சம்பந்தப்பட்டது, நான் வாக்களிக்கவில்லை" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அந்தப் பெரியவர்களே மதித்திருப்பார்கள். உங்களுக்கு அவர்கள் முன்னால் நல்ல பெயர் வேண்டியிருந்தது. அதற்கு விலையாகப் பையனைக் கொடுத்தீர்கள். விதி என்றால் விதி என்று அவனுக்குப் புரியாமல் இல்லை. அப்பா ஏன் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார் என்பதுதான் அவனுக்குப் புரியவில்லை.

பெரியவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் பக்கம் நியாயம் நிறையவே இருக்கிறது. அந்த நாட்டில் மாடல் விமானக்காரர்களின் தாய்ச் சங்கம் 1936இல் தொடங்கியது. எண்பது வருடம் தங்களுக்குத் தாங்களே விதி எழுதி, ஒழுங்காகப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். 2012இல்கூட, சங்க விதிப்படி பறக்கவிடுகிறவர்களுக்கு எஃப்.ஏ.ஏ. புது விதி போடக்கூடாது என்று சட்டமே வந்தது. அப்புறம் பெட்டியைப் பிரித்ததும் பறக்கிற ட்ரோன் கடைக்கு வந்தது. 2015 ஜனவரியில் ஒன்று வெள்ளை மாளிகைப் புல்வெளியிலேயே போய் விழுந்தது. அந்த வருட டிசம்பரில் பதிவு கட்டாயமானது. நடுவில் நீதிமன்றம் அதை ரத்து செய்து, பிறகு நாடாளுமன்றம் திரும்பக் கொண்டுவந்தது. 2018இல் பழைய விலக்கும் போயிற்று. இப்போது ரிமோட் ஐடி என்று, எஃப்.ஏ.ஏ. விலக்குத் தந்த கிளப் மைதானங்களைத் தவிர மற்ற இடங்களில், பதிவு செய்த ஒவ்வொன்றும் தன் அடையாளத்தைக் காற்றில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். ஐம்பது வருடம் யாருக்கும் தொந்தரவில்லாமல் இருந்த மனிதரிடம் திடீரென்று அடையாளம் கேட்டால் அவருக்கு எரியத்தான் செய்யும். போதாக்குறைக்கு அவர் விமானத்தின் இறக்கையையும் ஒடித்தாயிற்று.

ஆனால் அவர்களுக்கு ஒன்றை ஞாபகப்படுத்துங்கள். இந்தக் காலத்து 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ வருவதற்கு முன், ஒரே சேனலில் இரண்டு பேர் ரேடியோவைப் போட்டால் விமானம் கீழே வந்துவிடும். அதற்காக மைதானத்தில் ஒரு பலகை வைத்து, சேனலுக்கு ஒரு துணி கிளிப் மாட்டியிருப்பார்களாம். கிளிப் யார் கையிலோ அவர் பறக்கவிடலாம், மற்றவர் காத்திருக்க வேண்டும். வானத்தை முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளத் தெரிந்த மனிதர்கள் அவர்கள். ஒரு பையனுக்காகச் சனிக்கிழமை காலை ஒரு மணி நேரமோ, மைதானத்தின் மறு கோடியோ ஒதுக்கத் தெரியாதவர்கள் இல்லை. அந்தத் தாய்ச் சங்கமே ட்ரோன்காரர்களைச் சேர்த்துக்கொள்கிறது. இந்தத் தடை உங்கள் கிளப் தானாகப் போட்டுக்கொண்டது. அதை அவர்கள் முன் எடுத்துச் சொல்ல வேண்டிய செயலாளர் அன்று கை தூக்கிக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் பையன் ஓட்டுவது கடையில் வாங்கி அப்படியே பறக்கவிடுகிற ரகமா? ரேஸிங் ட்ரோன் என்கிறீர்கள். என் அக்கா பேரன் மோட்டார், சர்க்யூட் பலகை எல்லாம் தனித்தனியாக வாங்கி, ராத்திரி முழுக்கச் சால்டரிங் புகையில் உட்கார்ந்து பற்றவைக்கிறான். கன்ட்ரோல் குச்சியை விட்டால் தானாக நேராக நிற்கிற வசதியையும் அணைத்துவிட்டுத்தான் ஓட்டுவானாம். உங்கள் பையனும் அப்படியென்றால், பால்சா சீவுகிற அந்தப் பெரியவருக்கு உங்களைவிட அவன்தான் நெருங்கிய சொந்தம்.

அவனை நான் விடவில்லை. தரையிறங்குகிற விமானத்துக்குக் குறுக்கே போனது தப்பு, பெரிய தப்பு. கண்ணாடி மாட்டிக்கொண்டு ஓட்டினால், ட்ரோனைக் கண்ணால் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்பது அங்கே சட்டம். மே மாதம் அவன் பக்கத்தில் நின்றது யார்? நீங்கள் நிற்கவில்லை, கொட்டகையில் சந்தாக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தீர்கள். இறக்கை ஒடிந்ததில் பாதிப் பொறுப்பு அந்தக் கணக்குப் புத்தகத்துக்கு.

சரி, இனி என்ன செய்வது? கிளப்பை விட்டு விலகாதீர்கள். அது ஓடிப்போவது. பையன் அதைத் தியாகம் என்று நினைக்கமாட்டான், நானும் நினைக்கமாட்டேன். முதலில் அவனைக் கூட்டிக்கொண்டு அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போங்கள். மன்னிப்பை அவன் கேட்கட்டும். பிறகு நீங்களும் கேளுங்கள், அவன் காதில் விழும்படி. இறக்கைக்குப் பணம் கொடுத்துத் தப்பிக்காதீர்கள். அவர் சம்மதித்தால், அவர் கேரேஜில் உட்கார்ந்து அவன் கையாலேயே இறக்கையைக் கட்டிக் கொடுக்கட்டும். எத்தனை சனிக்கிழமை ஆனாலும் ஆகட்டும். அவர் முடியாது என்றால் வற்புறுத்த வேண்டாம்.

அடுத்த கூட்டத்தில் தீர்மானத்தை மறுபடி எடுக்கக் கேளுங்கள். "அந்த ட்ரோனில் ஒட்டியிருப்பது என் எண்" என்று எழுந்து நின்று சொல்லுங்கள். தோற்றாலும் தோற்றுப்போங்கள். பையன் அங்கே இருக்கும்போது தோற்றால் இன்னும் நல்லது.

எண்ணை இப்போது மாற்றாதீர்கள். 13 தாண்டிவிட்டான், 5 டாலர் கட்டினால் அவன் பெயரிலேயே கிடைக்கும், தெரியும். அவன் வந்து கேட்கிற அன்றைக்குக் கட்டிக் கொடுங்கள். நீங்களாகப் போய் உரித்தால் இரண்டாவது தடவை கை தூக்கியதாகத்தான் அவன் எடுத்துக்கொள்வான்.

அப்புறம் உங்கள் மனைவி. வாரமெல்லாம் வேலை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வெயிலில் அண்ணாந்து நின்றுகொண்டிருக்கிறார். அவர் போவது கிளப் மைதானம் இல்லையே, அந்தத் திடலில் பறக்க ட்ரோனில் ரிமோட் ஐடி இருக்கிறதா என்று நீங்கள் ஒரு தடவையாவது பார்த்தீர்களா? இந்த ஞாயிறு அவரைத் தூங்க விடுங்கள். நீங்கள் போய் நில்லுங்கள். பையன் பேசமாட்டான், பரவாயில்லை. கண்ணாடிக்குள் இருக்கிறவனுக்கு மரம் வருகிறது, ஆள் வருகிறது என்று நீங்கள்தான் சொல்லியாக வேண்டும், அவனும் கேட்டுத்தான் ஆக வேண்டும். கணக்குப் புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.