திரையில் பார்த்த பாடம் ஏன் மறந்துபோகிறது?

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். வகுப்புக்குத் திறன்பலகை வந்த பிறகு மாணவர்கள் காணொளிகளை ஆர்வமாகப் பார்க்கிறார்கள். ஆனால் மறுநாள் கேட்டால் பலருக்கும் பதில் வருவதில்லை. குறை எங்கே இருக்கிறது?
– ஒரு வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: காணொளி ஓடும்போது மாணவருக்குச் செய்வதற்கு எதுவும் இல்லை என்பதுதான் குறை. நல்ல படத்தோடும் தெளிவான குரலோடும் ஒருவர் விளக்கும்போது, எல்லாம் புரிந்துவிட்டதாக மனம் எளிதில் நம்பிவிடுகிறது. ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள்.

மின்சுற்றுப் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மின்கலத்துடன் ஒரே மாதிரியான இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்த படத்தைப் பலகையில் வரைந்து, எது அதிகமாக ஒளிரும் என்று கேட்டு, விடையைக் காரணத்தோடு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். முதல் பல்பு மின்னோட்டத்தில் ஒரு பகுதியைச் செலவழித்துவிடும், எனவே அடுத்தது மங்கலாகத்தான் எரியும் என்று பலர் எழுதுவார்கள். அந்தத் தவறான எண்ணம் வெளியே வருவதுதான் உங்களுக்குக் கிடைக்கும் பெரிய வாய்ப்பு; காணொளியை மட்டும் காட்டியிருந்தால் அது கடைசிவரை உள்ளேயே தங்கியிருக்கும். பிறகு, நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய, ‘ஃபெட்’ என்னும் இலவச மெய்நிகர் மாதிரிகளில் மின்சுற்றுக்கானதைத் திறந்து, ஒரு மாணவியை அழைத்து அதே சுற்றை இணைக்கச் சொல்லுங்கள். இரண்டு பல்புகளும் சமமாக ஒளிர்வதைக் கண்டதும் வகுப்பில் எழும் விவாதத்தை அவசரப்பட்டு முடித்துவிடாதீர்கள். காணொளி அதற்குப் பிறகு வரட்டும். அதையும் இடையிடையே நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று கேளுங்கள். கடைசி ஐந்து நிமிடம் திரையை அணைத்துவிட்டு, கற்றதைப் புத்தகம் பார்க்காமல் எழுதச் செய்யுங்கள்.

மின்சாரம் இல்லாத நாளில் டார்ச் பல்புகளும் கம்பியும் மின்கலமும் இதே வேலையைச் செய்யும். ஒரே வகைப் பல்புகளாக மட்டும் பார்த்து வாங்குங்கள். 2018 முதல் நம் பாடநூல்களில் வரும் க்யூ.ஆர். குறியீடுகள் வழியே திறக்கும் காணொளிகளுக்கும் இந்த முறை பொருந்தும்.

கேள்வி: ஐந்தாம் வகுப்பில் படிக்கும் மகளுக்கு டேப்லெட் கட்டாயம் என்கிறது பள்ளி. அவசியம்தானா?
– ஒரு தாய், கோயம்புத்தூர்

பதில்: கருவி கையில் இருப்பதாலேயே கல்வி வளர்ந்துவிடாது. பெரு நாட்டின் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் குழந்தைகளுக்கு மடிக்கணினிகள் வழங்கப்பட்டபோது, கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் தென்படவில்லை என்று 2012இல் வெளியான ஆய்வு கண்டது. தில்லியிலோ, ஒவ்வொரு மாணவரும் உண்மையில் எந்த நிலையில் இருக்கிறார் என்று சோதித்து, அதற்கேற்ற பயிற்சி தந்த ஒரு மென்பொருளும் சிறு குழுக்களாகக் கற்பித்த உதவியாளர்களும் சேர்ந்து இயங்கிய மாலைநேர மையங்களில், நான்கரை மாதங்களிலேயே கணக்கிலும் இந்தியிலும் நல்ல பலன் தெரிந்தது. ஆகவே பணம் கட்டுவதற்கு முன் பள்ளியிடம் கேளுங்கள்: மகள் செய்யும் தவறுகளை அந்தக் கருவி காட்டித்தருமா, அவற்றை எந்த ஆசிரியர் பார்ப்பார், பார்த்தபின் வகுப்பில் என்ன மாற்றம் செய்வார்? இவற்றுக்குத் தெளிவான பதில் கிடைக்காவிட்டால், வாங்குவதைத் தள்ளிப்போடலாம்.