எது நிறைய?

அன்புள்ள ஐயா,

பதினோரு வருடமாக மூன்றாம் வகுப்பு ஆசிரியர் நான். படம் வரைவேன். வேலையை விட்டுவிட்டுக் குழந்தைகளுக்காக யூடியூப் சேனல் தொடங்க ஆசை. குழந்தைகளுக்கு அனிமேஷன் படம் எடுத்த விஜயா முலேயும் அப்படி வந்தவர்தானே? ‘ஒற்றுமை’ பற்றிய என் வீடியோவை இணைத்திருக்கிறேன். எந்தக் கேமரா வாங்கலாம்?

— ஓர் ஆசிரியர்

அன்புள்ள நண்பருக்கு,

கையிலிருக்கும் போனே போதும். சேனல் ஓடுமா என்ற கவலையும் இப்போது வேண்டாம்.

விஜயா முலே எதையும் விட்டுவிட்டு வரவில்லை. கல்வித்துறையில் இருந்துகொண்டே பாட்னாவில் திரைப்படச் சங்கம் நடத்தியவர். 1974-இல் அவருடைய இந்தி அனிமேஷன் படம் ‘ஏக் அனேக் ஔர் ஏக்தா’ (ஒன்று, பல, ஒற்றுமை) வந்தபோது அவருக்கு வயது 53. மறுவருடம் ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியாகத் தொலைக்காட்சி போனபோது, கல்வி நிகழ்ச்சிகளைத் தயாரித்த மையத்துக்கு அவர்தான் தலைவர்.

அந்தப் படத்தைப் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தவன் நான். இந்தியில் ஒரு சொல் தெரியாது. ‘அனேக்’ காதில் விழுந்ததும் பாட்டி சொல்லும் ‘அநேகம் பேர்’ நினைவுக்கு வந்தது. பறவைகள் வலையோடு மேலே எழும்பின. கம்பியைப் பிடித்திருந்த கை வலித்ததே தெரியவில்லை.

வசனம் புரிந்தது வெகுநாள் கழித்துத்தான். “அனேக்னா என்ன அக்கா?” என்று பிள்ளை கேட்கிறது. “நிறைய” என்கிறாள் அக்கா. அகராதிக்கு அது போதும். பிள்ளைக்குப் போதவில்லை. “எது நிறைய?” என்கிறது. அக்கா சட்டென்று விளக்கத்தைக் கைவிடுகிறாள். சூரியன் ஒன்று, நிலா ஒன்று, நட்சத்திரம் நிறைய. பிறகு வண்ணத்துப்பூச்சி, அணில், பறவை. வலையில் சிக்கிய பறவைகளின் கதை தொடங்கிய கொஞ்ச நேரத்தில் “எங்களுக்கும் சொல்லு” என்று ஒரு குரல், மறுபடி முதலிலிருந்து. வேடன் என்றதும், வேடன் யார் என்று இன்னொரு நிறுத்தம். ஏழு நிமிடப் படத்தில் இத்தனை குறுக்கீடு! வகுப்பறையை அறிந்தவருக்கு அல்லாமல் வேறு யாருக்கு இது தோன்றும்?

உங்கள் வீடியோவை மூன்று முறை பார்த்தேன். மரங்கள் அழகு, அந்தக் காக்கை அதைவிட அழகு. ஆனால் எடுத்ததும் “ஒற்றுமை என்பது யாதெனில்” என்று ஆரம்பிக்கிறீர்கள். நீங்கள் வரைந்த பிள்ளைகள் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். ஒரு பிள்ளைகூட வாய் திறக்கவில்லை. பதினோரு வருடத்தில் அப்படி ஒரு வகுப்பை நீங்கள் பார்த்ததுண்டா? பிறகு ஏன் அதை வரைகிறீர்கள்? எனக்குக் கோபமாக வருகிறது. உங்களிடம் அந்தக் கை இருப்பதால்தான் வருகிறது.

திங்கட்கிழமை வகுப்பில் இதைப் போட்டுக் காட்டுங்கள். எந்த இடத்தில் ஒரு பிள்ளை “எது சார்?” என்று கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். அது எந்த இடம் என்று எனக்கு எழுதுங்கள்.