ஃப்ளூயிடைஸ்டு பெட் ஆய்வில் கூட்டுச் சேருகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி: கீழிருந்து வாயுவை ஊதித் துகள்களைத் திரவம் போல மிதக்கவிடும் படுகைதானே ஃப்ளூயிடைஸ்டு பெட், அதை நாங்கள் கணினியில் சிமுலேஷன் செய்கிறோம். சோதனை செய்யும் குழு ஒன்றோடு சேரப் போகிறோம், முதலில் எதைப் பேச வேண்டும்?

பதில்: துகளைப் பற்றிப் பேசுங்கள், சமன்பாடெல்லாம் அப்புறம். ஒருமுறை நாங்களும் இன்னொரு ஆய்வகமும் ஒரே டிரம்மில் இருந்த வினையூக்கியைப் பங்கிட்டுக்கொண்டு ஒரே சோதனையைச் செய்தோம். அவர்களுடைய படுகை மெதுவாக, சீராக விரிந்தது. எங்களுடையதில் பெரிய பெரிய குமிழிகளாக வெடித்து மேலே தூள் தெறித்தது. மூன்று மாதம் டிராக் மாடலைத்தான், அதாவது வாயு துகளை இழுக்கும் விசையைக் கணக்கிடும் சூத்திரத்தைத்தான் சந்தேகப்பட்டோம். கடைசியில் பார்த்தால், டிரம் வண்டியில் குலுங்கி வந்ததில் நுண்தூள் அடிக்கு இறங்கிவிட்டது, நாங்கள் மேலிருந்து அள்ளியிருக்கிறோம், அவர்கள் அடியிலிருந்து! 45 மைக்ரானுக்குக் கீழ் உள்ள தூள் குறைந்தாலே படுகையின் குணம் மாறிவிடும். மொத்தத்தையும் நன்றாகக் கலந்து பகுத்த பிறகே அனுப்பச் சொல்லுங்கள், போய்ச் சேர்ந்த இடத்திலும் துகள் அளவை மறுபடி அளக்க வேண்டும்.

கேள்வி: ஒரே மணல்தான், ஆனால் படுகை மிதக்கத் தொடங்கும் வேகம் இரண்டு இடத்திலும் வேறு வேறாக வருகிறதே?

பதில்: காற்றை ஏற்றிக்கொண்டே அளந்தார்களா, இறக்கிக்கொண்டே அளந்தார்களா என்று கேளுங்கள். இறுகிக் கிடக்கும் மணலில் காற்றை ஏற்றினால், துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதால் அழுத்த இழப்பு (படுகையின் அடிக்கும் மேலுக்கும் உள்ள அழுத்த வித்தியாசம்) படுகையின் எடைக்கு ஈடான அளவையும் தாண்டிப் போய், பிறகு சட்டென்று விழும். நன்றாக மிதக்கவிட்டு மெல்ல இறக்கும்போது கிடைக்கும் கோடுதான் நம்பத்தக்கது. காற்றின் ஈரப்பதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், ரொம்ப உலர்ந்திருந்தால் நிலைமின்சாரம் ஏறித் துகள் சுவரில் ஒட்டும்.

கேள்வி: ஒவ்வொரு துகளையும் தனித்தனியாகக் கணக்கிட்டுவிட்டால் சண்டையே வராதே?

பதில்: 70 மைக்ரான் துகளில் ஒரு லிட்டர் படுகை என்றால் ஏறக்குறைய 280 கோடித் துகள்கள். அதனால்தான் துகள் கூட்டத்தையும் ஒரு பாய்மமாகவே வைத்துக் கணக்கிடும் இரு-பாய்ம முறைக்குப் போகிறோம். அதிலும் படுகையைப் பிரித்துக் கணக்கிடும் கட்டங்கள் பெரிதாக இருந்தால் துகள் கொத்துகள் கண்ணில் படாமல் போய், படுகை உண்மையில் இருப்பதைவிட அதிகமாக விரிந்ததாகக் காட்டும். எம்ஃபிக்ஸ் மாதிரி திறந்த மூல நிரலில் வேலை செய்தால் இரண்டு பக்கமும் ஒரே கோப்பைத் திறந்து பார்க்கலாம், எனக்கு அதுதான் பிடிக்கும்.

கேள்வி: தொழிற்சாலைக் கூட்டாளி சின்னக் குழாயில் கிடைத்த முடிவை அப்படியே பெரிதாக்கச் சொல்கிறார்.

பதில்: ஒத்துக்கொள்ளாதீர்கள். 1950களில் அமெரிக்காவில் டெக்சாஸின் பிரவுன்ஸ்வில்லில் இயங்கிய ஃபிஷர்-டிராப்ஷ் ஆலையின் (வாயுவைத் திரவ எரிபொருளாக்கும் ஆலை) கதையை அவரிடம் சொல்லுங்கள், சின்ன முன்னோட்டக் கலனில் வாயு வினையில் மாறிய அளவுக்குப் பெரிய கலனில் மாறவில்லை. அகலமான கலனில் குமிழி பெரிதாக வளரும், வேகமாக ஏறும், வாயு துகளைத் தொடாமலே தப்பிவிடும். நடுவில் ஒரு அளவிலாவது குளிர்நிலை மாதிரி (சூடும் வினையும் இல்லாமல் ஓட்டத்தை மட்டும் பார்க்கும் கலன்) கட்டிப் பார்க்கக் காசு ஒதுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கட்டுரையில் யார் பெயர் முதலில்?

பதில்: முதல் கூட்டத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள். கூடவே மூல அழுத்தத் தரவு, வடிகட்டாதது, இரு தரப்புக்கும் கிடைக்கும் என்றும் ஒரு வரி.