பஞ்சாபின் கடைசி மகாராஜா துலீப் சிங்கைச் சிறுவயதிலேயே நாட்டைவிட்டு அகற்றியது எப்படி? அவரால் ஏன் மீண்டும் ஆட்சிக்கு வர முடியவில்லை?

பஞ்சாபில் சீக்கியப் பேரரசை நிறுவிய ரஞ்சித் சிங்கின் கடைசி மகனான துலீப் சிங் 1843-ல், ஐந்து வயதில் அரியணை ஏறினார். தாய் ஜிந்த் கௌர் அவர் சார்பில் ஆட்சி நடத்தினார். முதல் ஆங்கிலேய-சீக்கியப் போரில் லாகூர் அரசு (பஞ்சாபின் தலைநகர் லாகூர்) தோற்றபின், 1846 டிசம்பரில் பைரோவால் ஒப்பந்தம் வந்தது. உங்கள் கேள்விக்கான விடை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

அதன்படி, பையனுக்கு 16 வயது ஆகும்வரை, அதாவது 1854 செப்டம்பர் 4 வரை, கும்பினியின் (கிழக்கிந்தியக் கம்பெனியின்) பிரதிநிதியான ரெசிடென்ட் மேற்பார்வையில் ஒரு சபை நாட்டை நிர்வகிக்கும். லாகூரில் கும்பினிப் படை இருக்கும். அதற்கு லாகூர் அரசு ஆண்டுக்கு 22 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். தாய்க்கு ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் என்று பேசி, ஆட்சியிலிருந்து விலக்கிவிட்டார்கள்.

1848-ல் முல்தானில் கலகம் வெடித்தபோது அதிகாரம் முழுக்க ரெசிடென்ட் கையில்தான் இருந்தது. அடக்கும் பொறுப்பும் அவருடையதே. ஆனால் கலகம் போராகி முடிந்ததும், 1849 மார்ச் 29 அன்று, ராஜ்யத்தை இழந்தது பத்து வயதுப் பையன். மைனரின் சொத்துக்குக் காவலாக வந்த கார்டியனே, தன் பொறுப்பில் நடந்த கலகத்தைக் காட்டி அந்தச் சொத்தை எடுத்துக்கொண்டார். பிற்காலத்தில் துலீப் சிங் முன்வைத்த வாதம் இதுதான். அதற்கு நேர்மையான மறுப்பு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

அன்று அவரிடம் கையெழுத்து வாங்கிய பத்திரத்தில் ஐந்தே ஷரத்துகள். பஞ்சாப் மீதான உரிமையை விட வேண்டும். அரசுச் சொத்து கும்பினிக்கு. கோகினூர் வைரம் இங்கிலாந்து ராணிக்கு. நான்காவது பணம் பற்றியது: "அவருக்கும், உறவினர்களுக்கும், அரசுப் பணியாளர்களுக்கும்" சேர்த்து ஆண்டுக்கு 4 லட்சத்துக்குக் குறையாமல், 5 லட்சத்துக்கு மிகாமல். சிக்கல் அந்தச் "சேர்த்து" என்பதில் இருந்தது. பங்கு பெற்ற உறவினரோ பணியாளரோ இறந்தால் அந்தத் தொகை தன்னிடம் வரவேண்டும் என்றார் அவர், அரசு கொடுக்கவில்லை. ஐந்தாவது, கவர்னர் ஜெனரல் சொல்லும் இடத்தில்தான் குடியிருக்க வேண்டும். நாடு கடத்தல் என்ற சொல்லே இல்லாமல் நாடு கடத்திய ஷரத்து அது.

பத்திரம் மட்டும் போதாது என்பது கவர்னர் ஜெனரல் டல்ஹௌசிக்குத் தெரியும். தாயை 1847-லேயே பிரித்து ஷேக்குபுராவில் வைத்தார்கள், பிறகு காசிக்கும் சுனாருக்கும் அனுப்பினார்கள். 1849 ஏப்ரலில் அவர் மாறுவேடத்தில் தப்பி நேபாளம் சேர்ந்தார். பையனை 1850-ல் பஞ்சாபிலிருந்து வெகுதூரம், கங்கைக் கரையிலுள்ள ஃபதேகருக்குக் கொண்டுபோனார்கள். காப்பாளர் டாக்டர் ஜான் லாகின். வாரிசுரிமை கோரக்கூடிய இன்னொரு குழந்தையான ஷேர் சிங்கின் மகன் சிவதேவ் சிங்கையும் கூடவே அனுப்பியதைப் பலர் கவனிப்பதில்லை. விளையாட ஆங்கிலேயப் பையன்கள், படிக்க ஆங்கிலம், அருகில் கிறிஸ்தவரான பஜன் லால். 1853 மார்ச் 8 அன்று துலீப் சிங் ஞானஸ்நானம் பெற்றார். வெட்டிய கூந்தலை லாகினின் மனைவிக்குக் கொடுத்தார். இந்த மதமாற்றம் அவருடைய செல்வாக்கை அழித்துவிடும், அரசியல்ரீதியாக இதைவிட நல்லது வேறில்லை என்று டல்ஹௌசி தனிக்கடிதத்தில் எழுதினார். கேசமில்லாத, கிறிஸ்தவரான ஒருவர் பின்னால் சீக்கியர்களின் கால்சா படை திரளாது என்பது அவர் கணக்கு.

1854-ல், ஒப்பந்தப்படி ஆட்சி கைக்கு வரவேண்டிய அதே ஆண்டில், துலீப் சிங் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

தாயை மீண்டும் பார்த்தது 1861-ல், கல்கத்தாவில். 1863-ல் தாய் லண்டனில் இறந்தபின் தகனம்கூடப் பஞ்சாபில் நடக்க விடவில்லை, நாசிக்கில்தான் முடிந்தது. 1886-ல் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் புறப்பட்டவரை ஏடனில் தடுத்து நிறுத்தினார்கள். அங்கேயே மே 25 அன்று அமிர்தம் பருகிச் சீக்கியரானார். ஆனால் அவருக்காக எழும் படையோ, துணைக்கு வரும் அரசோ அப்போது இல்லை. ரஷ்யாவிடம் கேட்ட உதவியும் கிடைக்கவில்லை. 1893 அக்டோபர் 22 அன்று பாரிஸில் காலமானார்.